எத்தனை பிள்ளை என்று அரசு முடிவு செய்தால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் கேள்வி இது: "இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றால் தண்டனை என்று அரசு கறாராகச் சட்டம் போட்டால் வறுமை குறையும்தானே? சீனா அப்படிச் செய்துதானே முன்னேறியது? அதனால் குடும்பங்களுக்கு அப்படி என்ன கெட்டுப்போய்விட்டது?" இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கட்டாயப்படுத்தியதால்தான் பிறப்புகள் குறைந்தனவா என்பது ஒன்று. குறைந்தபோது வீட்டுக்குள் யார் தலையில் என்ன விழுந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எண்களை வைத்து ஓரளவு தெளிவாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

நான் இருபத்தாறு ஆண்டுகள் மக்கள்தொகை ஆய்வுகளில் வேலை பார்த்தவள். முதல் எட்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். பிறகு அதே படிவங்களை அட்டவணையாக்கிப் படிக்கும் வேலைக்கு வந்தேன். நான் மருத்துவர் இல்லை. சீன மொழியும் தெரியாது. சீனாவைப் பற்றிச் சொல்வதெல்லாம் அங்கிருந்து வெளிவந்த கணக்கெடுப்புகளையும் அவற்றின்மேல் நடந்த விவாதங்களையும் படித்துத் தெரிந்துகொண்டது. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சீனாவிலிருந்தே தொடங்குகிறேன். 'ஒரு குழந்தை' விதி நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது 1979, 1980 வாக்கில். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களுக்கும் அதன் இளைஞர் அமைப்பினருக்கும் எழுதப்பட்ட பகிரங்கக் கடிதம் 1980 செப்டம்பர் 25 அன்று வெளியானது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1970இல், ஒரு சீனப் பெண்ணுக்குச் சராசரியாக 5.8 குழந்தைகள். 1979இல் அது 2.8க்கும் கீழே வந்துவிட்டது. பெரிய சரிவு முழுவதும் ஒரு குழந்தை விதிக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். எழுபதுகளில் அங்கே நடந்தது 'தாமதமாக, இடைவெளி விட்டு, குறைவாக' என்ற இயக்கம்: தாமதத் திருமணம், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி, மொத்தத்தில் இரண்டு போதும். அதுவும் முழுக்க மனமொப்பி நடந்தது என்று சொல்ல முடியாது. வேலையிடத்திலும் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையிலும் கடுமையான நெருக்குதல் இருந்தது. ஆனால் அதைவிடப் பல மடங்கு கடுமையான எண்பதுகளில், அந்தப் பத்தாண்டு முழுக்க, சராசரி இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்தான் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு தொண்ணூறுகளில், நகரமும் தொழிற்சாலையும் கல்லூரியும் விரிந்த காலத்தில், அது இரண்டுக்குக் கீழே இறங்கியது.

'இந்தத் திட்டத்தால் 40 கோடிப் பிறப்புகள் தவிர்க்கப்பட்டன' என்று சீன அரசு பல ஆண்டுகள் சொல்லிவந்தது. நீங்களும் அதை எங்காவது படித்திருப்பீர்கள். எழுபதுகளுக்கு முந்தைய பிறப்பு வேகம் அப்படியே தொடர்ந்திருந்தால் எத்தனை பேர் பிறந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, உண்மையில் பிறந்தவர்களை அதிலிருந்து கழித்து வந்த எண் அது. உலகில் எங்குமே பிறப்பு வேகம் அப்படியே நிற்கவில்லை. சட்டமே இல்லாத தாய்லாந்திலும் தென்கொரியாவிலும் அதே காலத்தில் பிறப்புகள் மளமளவென்று குறைந்தன. ஆகவே அந்த 40 கோடியில் எத்தனை விதியால், எத்தனை பிற மாற்றங்களால் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. விதியின் பங்கு அரசு சொன்னதைவிட மிகக் குறைவு என்பவர்கள் பக்கம்தான் நான். சீனாவின் பொருளாதார வளர்ச்சியையும் இதன் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நிலம் குடும்பங்களின் கைக்குப் போனது, ஏற்றுமதித் தொழில், பெண்கள் கூலிவேலைக்கு வந்தது எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை.

கட்டாயமில்லாமல் குறையுமா என்றால், குறைந்திருக்கிறது. ஈரானில் எண்பதுகளின் நடுவில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கு மேல் இருந்தது, 2000 வாக்கில் இரண்டை ஒட்டி வந்துவிட்டது. கிராமம்தோறும் 'சுகாதார இல்லம்', திருமணப் பதிவுக்கு முன் தம்பதிக்கு ஒரு வகுப்பு, இலவசக் கருத்தடை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்பிள்ளைகளின் படிப்பு. நான்காவது குழந்தைக்குச் சில சலுகைகளை நிறுத்தும் சட்டம் 1993இல் வந்தது உண்மை. ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. வங்கதேசத்தில் பெண் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே மாத்திரையும் ஊசியும் கொண்டுபோனார்கள். ஆறுக்கு மேல் இருந்தது இரண்டுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. கேரளம் எண்பதுகளின் முடிவிலேயே ஈடுகட்டும் அளவான (பெற்றோர் தலைமுறைக்குச் சமமாக அடுத்த தலைமுறை வரும் அளவு) 2.1க்கு வந்துவிட்டது, தமிழ்நாடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த இடத்தில், தாய் சில வகுப்புகளாவது படித்த இடத்தில், கருத்தடை கைக்கெட்டிய இடத்தில் பிறப்புகள் குறைகின்றன. என் துறையில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் அதிகம் இல்லை.

இனி வீட்டுக்குள் வருகிறேன். சட்டம் எண்ணிக்கையை மட்டும்தான் சொல்கிறது. அந்த எண்ணிக்கைக்குள் எந்தப் பிள்ளை, யாருடைய உடம்பு, யாருடைய கையெழுத்து என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்கிறது. குடும்பம் என்பது எல்லோரும் சமமாக உட்கார்ந்து பேசும் சபை இல்லையே. மேலிருந்து வரும் அழுத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி, வீட்டில் யாருக்குக் குரல் குறைவோ அவரிடம் போய் நிற்கும். பெரும்பாலும் அது மருமகள். அவளுக்கும் கீழே இன்னும் பிறக்காத பெண்குழந்தை. நான் பார்த்த, படித்த எல்லா நாடுகளிலும் இது மாறவே இல்லை.

1983இல் மட்டும் சீனாவில் சுமார் 2 கோடிக் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ஐந்தில் நான்கு பெண்களுக்கு. (அதே ஆண்டு ஐ.நா. தன் முதல் மக்கள்தொகை விருதை இந்திரா காந்திக்கும் சீனாவின் குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சர் சியான் சின்சோங்குக்கும் பகிர்ந்து கொடுத்தது. அன்று உலகம் இதை எந்தக் கண்ணோடு பார்த்தது என்பது தெரியவே இதைச் சொல்கிறேன்.) கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியதால் 1984இல் விதி தளர்ந்தது. எப்படித் தளர்ந்தது தெரியுமா? முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று. பெண் ஒருத்தி போதாது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று காட்டும் ஸ்கேன் கருவி அப்போதுதான் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கியது. இயற்கையாக 100 பெண்குழந்தைகளுக்கு 105 ஆண்குழந்தைகள் பிறப்பார்கள். சீனாவில் அது 2004 வாக்கில் 121 வரை போனது. பிறப்பு வரிசையைப் பிரித்துப் பார்த்தால் கதை இன்னும் தெளிவு. முதல் குழந்தையில் விகிதம் பெரிதாகக் கோணவில்லை. முதலில் பெண் பிறந்த வீட்டின் இரண்டாவது குழந்தையில்தான் அது ஆண் பக்கம் பலமாகச் சாய்கிறது.

ஆனால் பழி முழுவதையும் சட்டத்தின்மேல் போடுவதும் சரியில்லை. தென்கொரியாவில் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்த சட்டம் கிடையாது. இருந்தும் 1990இல் அங்கே விகிதம் 116ஐத் தாண்டியது. இந்தியாவில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண்களுக்கு 1991இல் 945 பெண்கள், 2001இல் 927. இங்கும் ஒரு குழந்தைச் சட்டம் இல்லை. சின்னக் குடும்பம் வேண்டும், அதில் ஆண் கட்டாயம் வேண்டும், கண்டுபிடிக்கக் கருவி கையில் இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தாலே விகிதம் கெடும். சட்டம் அதை இறுக்கிவிடுகிறது. அதற்கு ஒரு நல்ல சான்று சீனாவுக்குள்ளேயே கிடைக்கிறது. ஷான்சி மாகாணத்தின் யிச்செங் மாவட்டத்தில் 1985 முதல் பரிசோதனையாக இரண்டு குழந்தைகளை அனுமதித்தார்கள். மக்கள்தொகை அங்கே வெடித்துவிடவில்லை, வளர்ச்சி நாட்டுச் சராசரியைத் தாண்டவும் இல்லை. பாலின விகிதமும் மற்ற இடங்களைவிட இயல்பாக இருந்தது. காணாமல்போன, அதாவது இருந்திருக்க வேண்டியும் கணக்கில் இல்லாத, சீனப் பெண்குழந்தைகள் எத்தனை பேர் என்பதிலும் சர்ச்சை உண்டு. பிறந்தும் பதிவாகாமல் மறைத்து வளர்க்கப்பட்டவர்கள் பிற்பாடு பள்ளிக் கணக்கில் தலைகாட்டினார்கள். அவர்களைச் சேர்த்தால் எண் குறையும். எவ்வளவு குறையும் என்பதில்தான் சண்டை.

அப்படி மறைத்து வளர்க்கப்பட்ட பிள்ளைகளை அங்கே 'கறுப்புப் பிள்ளைகள்' என்று சொல்வார்கள். குடும்பப் பதிவேடான ஹூக்கோவில் பெயர் ஏறவில்லையென்றால் பள்ளி, மருத்துவம், ரயில் பயணச்சீட்டு, பின்னாளில் திருமணப் பதிவு என எல்லா இடத்திலும் கதவு சாத்தியிருக்கும். 2010 கணக்கெடுப்பில் சுமார் 1.3 கோடிப் பேர் பதிவில்லாமல் இருந்தார்கள். பெரும்பகுதியினர் வரம்பு மீறிப் பிறந்தவர்கள். 2016ஐ ஒட்டித்தான் எல்லோரையும் பதிவு செய்ய அரசு இறங்கிவந்தது. அபராதத்தின் பெயர் 'சமூக வளர்ப்புக் கட்டணம்'. மூன்று குழந்தைகளுக்காக ஒரு பிரபல திரைப்பட இயக்குநர் 2014இல் கட்டியது 74.8 லட்சம் யுவான். அவரால் கட்ட முடிந்தது. கட்ட முடியாதவர் வீட்டிலிருந்து தானியமும் மாடும் போயின, சில இடங்களில் கூரையே போனது. பணம் உள்ளவனுக்குச் சட்டம் வெறும் கட்டணம். இல்லாதவனுக்குத்தான் அது சட்டம்.

படிவம் நிரப்பிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 'பிறப்பு வரலாறு' என்று ஒரு பக்கம் உண்டு. பிள்ளைக்கு ஒரு வரி: பெயர், ஆணா பெண்ணா, பிறந்த மாதம், இப்போது உயிரோடு இருக்கிறதா. நாற்பது வயதுப் பெண் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். மூத்தவள் பெண். இரண்டு வருடம் கழித்து இன்னொரு பெண். பிறகு ஆறு வருட இடைவெளி. அப்புறம் பையன். அதோடு ஆபரேஷன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். "நடுவுல ரெண்டு இருக்கு. அதை எங்கேம்மா எழுதுவீங்க?" என்றார், உள்ளே மாமியார் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. அந்தப் படிவத்தில் உயிரோடு பிறந்த பிள்ளைக்கு மட்டும்தான் வரி உண்டு. "இதுல இடம் இல்லைக்கா" என்றேன். "சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஆறு வருடத்துக்கு நேராக விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவரை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சின்னக் குடும்பம் வேண்டும் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது, ஆண்பிள்ளை வேண்டும் என்ற பேச்சு வீட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இரண்டு பெண்களுக்கும் ஒரு பையனுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில்தான் என் கண் போய் நிற்கிறது.

இந்தியாவில் கட்டாயம் வந்தது நெருக்கடி நிலையில். 1952லேயே அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிய நாடு இது. 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் சுமார் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. முந்தைய ஆண்டைப்போல் மூன்று மடங்கு. ஆசிரியர்களுக்கும் வருவாய்த்துறை ஊழியர்களுக்கும் ஆள் பிடித்துவர இலக்கு. பிடிக்காவிட்டால் சம்பளம் நின்றது. ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தை 1976 நவம்பரில் விடியுமுன் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை இழுத்துப்போனது. பின்னர் விசாரித்த ஷா கமிஷன், அறுவைச் சிகிச்சையோடு தொடர்புடைய 1,774 மரணங்களைப் பதிவு செய்தது. மணமாகாதவர்களுக்குக்கூட ஆபரேஷன் செய்ததாகப் புகார்கள் வந்தன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 82 லட்சத்தில் சுமார் 62 லட்சம் ஆண்கள். 1977 தேர்தலில் அரசு தோற்றது, துறையின் பெயரே 'குடும்ப நலம்' என்று மாறியது, ஆண்களுக்கான வாசெக்டமி அன்றோடு ஏறத்தாழ நின்றுபோனது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்து அன்றே வீட்டுக்கு நடந்துபோகும் எளிய சிகிச்சை அது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள்: மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். ஆண்கள் மேல் கைவைத்தால் ஆட்சி போகும் என்று அரசியல் பாடம் கற்றுக்கொண்டது. ஆனால் இலக்குகள் நிற்கவில்லை. கத்தி பெண்ணின் வயிற்றுக்கு மாறிப்போனது. 1996இல் இலக்கு முறை கைவிடப்பட்டதாக அறிவிப்பு வந்த பிறகும் முகாம்கள் தொடர்ந்தன. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்து பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொன்னது.

கட்டாயம் விட்டுப்போகும் இன்னொரு சேதம் நம்பிக்கை. கால் நூற்றாண்டு கழித்து, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்களிடம் 'இது பிள்ளை பிறக்காமலிருக்கக் கொடுக்கிற மருந்து' என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நெருக்கடி நிலை மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வேறு வதந்திகளும் மற்ற சேவைகள் எட்டிப்பார்க்காத கோபமும் சேர்ந்திருந்தன. ஆனாலும் வீட்டில் தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போன கதை ஓடிக்கொண்டிருக்கும்போது, அரசு அனுப்பும் சொட்டு மருந்தை ஒரு தாய் சந்தேகப்படுவதில் எனக்கு வியப்பு இல்லை.

நீங்கள் கேட்ட 'இரண்டு குழந்தைக்கு மேல் தண்டனை' இந்தியாவின் சில மாநிலங்களில் சிறிய அளவில் ஏற்கெனவே நடந்து பார்த்ததுதான். மூன்றாவது பிறந்தால் ஊராட்சித் தேர்தலில் நிற்க முடியாது. ஹரியானாவின் அந்த விதியை 2003இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சில ஆண்டுகளில் அந்த மாநிலமே அதைக் கைவிட்டது. நடந்தவற்றை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்: பதவிக்காக மனைவியைத் தள்ளிவைத்தவர்கள், பிள்ளை தனதில்லை என்றவர்கள், மூன்றாவதைத் தத்துக் கொடுத்ததாகக் காகிதம் காட்டியவர்கள், கருவைக் கலைக்க வைத்தவர்கள். பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்த காலத்தில் எத்தனை பிள்ளை என்பதில் சொல்லுரிமையே இல்லாத பெண்ணுக்குத்தான் தகுதி போனது. ஆந்திரப் பிரதேசம் 2024 நவம்பரில் இந்த விதியை நீக்கியது. பிறப்பு போதவில்லை என்ற கவலை அங்கே இப்போது வந்துவிட்டது.

எல்லாமே கெடுதல்தானா என்று கேட்டால், இல்லை. பிள்ளைகள் குறைந்ததால் வந்த நன்மைகள் உண்மையானவை. பிரசவ மரணங்கள் குறைந்தன. தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே நின்றுவிட்ட மூத்த பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சீன நகரங்களில் ஒரே மகளாகப் பிறந்தவளுக்கு, அண்ணன் தம்பிக்குப் போயிருக்க வேண்டிய படிப்பும் சொத்தும் முழுக்கக் கிடைத்தன. அந்தத் தலைமுறையில் பெண்கள் கல்லூரிகளில் நிறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே பிள்ளையாக வளர்ந்தால் சுயநலக்காரனாகிவிடுவான் என்று அங்கே 'குட்டிச் சக்கரவர்த்தி' என்றெல்லாம் பேசினார்கள். அதற்கு ஆய்வுகளில் ஒருமித்த ஆதரவு இல்லை. நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்த நன்மைகள் எல்லாம் விரும்பிக் குறைத்துக்கொண்ட நாடுகளுக்கும் கிடைத்தவை. இதற்காகக் கதவை உடைத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே பிள்ளை என்ற ஏற்பாட்டின் உண்மையான ஆபத்து பிள்ளையின் குணத்தில் இல்லை. அந்தப் பிள்ளை போய்விட்டால் என்ன என்பதில் இருக்கிறது. 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் இறந்தபோது, பல வீடுகளில் இருந்த ஒரே பிள்ளையும் அதில் போனது. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அரசு அனுமதி அறிவித்தது. நாற்பதைத் தாண்டி, கருக்குழாய் கட்டி ஆபரேஷன் செய்திருந்த தாய்மார்களுக்கு அந்த அனுமதியால் என்ன செய்ய முடியும்? பிள்ளையை இழந்த இத்தகைய பெற்றோருக்குச் சீன மொழியில் 'ஷிது' என்று தனிப்பெயரே உண்டாகிவிட்டது. அரசின் சொல்லைக் கேட்டு நடந்தவர்கள் அவர்கள். வயதான காலத்தில் மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை என்று அவர்கள் பல ஆண்டுகளாக அரசிடம் மனுக் கொடுத்து வருகிறார்கள். பிள்ளை உயிரோடிருக்கும் வீடுகளிலும் பாரம் இறங்கவில்லை. நான்கு தாத்தா பாட்டி, இரண்டு பெற்றோர், ஒரு பிள்ளை. ஓய்வு வயதைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக 2025 ஜனவரி முதல் படிப்படியாக உயர்த்தத் தொடங்கியிருக்கிறார்கள்.

பெண் குறைந்த தலைமுறை திருமண வயதுக்கு வந்ததும் மணமகள் தேடல் எல்லை தாண்டியது. மியான்மரிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பெண்கள் ஏமாற்றியும் கடத்தியும் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஹரியானாவுக்கு வங்கம், அசாம், பீகார் போன்ற தொலைதூர மாநிலங்களிலிருந்து மணப்பெண்கள் 'வாங்கப்பட்டு' வந்ததும் அப்படித்தான். ஆண்கள் மிகுந்ததால் குற்றம் பெருகியது என்ற வாதம் இந்த அளவுக்கு உறுதியானதில்லை. தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு, ஆனால் அதே காலத்தில் கோடிக்கணக்கான இளைஞர்கள் ஊர்விட்டு நகரம் போனார்கள். எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினம்.

குறைக்கச் சொல்லும் அரசு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ருமேனியாவை ஆண்ட சௌஷெஸ்கு 1966 அக்டோபரில் 770ஆம் ஆணையின் மூலம் கருக்கலைப்பைத் தடை செய்தார். நவீனக் கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. 1966இல் 2.7 லட்சமாக இருந்த பிறப்புகள் அடுத்த ஆண்டே 5.3 லட்சத்துக்குப் போயின. வேலையிடத்தில் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை, பிள்ளையில்லாதவருக்கு வரி. சில ஆண்டுகளில் மக்கள் திருட்டு வழிகளைக் கண்டுபிடித்தார்கள், பிறப்பு மீண்டும் இறங்கியது. ஆனால் அந்தத் திருட்டு வழிகளில் சுமார் 10,000 பெண்கள் செத்தார்கள். ஐரோப்பாவிலேயே பிரசவ மரணம் அங்கேதான் அதிகம். 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது அனாதை இல்லங்களில் 1 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள், பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். டிசம்பர் 26 அன்று, புதிய அரசின் முதல் செயல்களில் ஒன்றாக அந்த ஆணை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரசவ மரண விகிதம் ஏறத்தாழப் பாதியானது.

சீனாவும் இப்போது திரும்பி நடக்கப் பார்க்கிறது. 2016 முதல் இரண்டு பெறலாம், 2021 முதல் மூன்று பெறலாம். 2016இல் சுமார் 1.8 கோடியாக இருந்த பிறப்புகள் 2022இல் 95.6 லட்சமாக விழுந்தன. அந்த ஆண்டு மொத்த மக்கள்தொகையே குறைந்தது, 1961க்குப் பிறகு முதல்முறையாக. ஒரு பிள்ளையோடு வாழப் பழகி, வீட்டு விலையும் பள்ளிச் செலவும் வேலை நேரமும் அதற்கேற்ப அமைந்துவிட்ட பிறகு அனுமதிச் சீட்டைப் பார்த்து யாரும் பெறுவதில்லை. சட்டமே இல்லாத தென்கொரியாவிலும் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72தான் என்பதால், சீனாவின் இன்றைய வீழ்ச்சியையும் பழைய விதியின்மேல் முழுக்கச் சுமத்த நான் தயாரில்லை.

ஆகவே உங்கள் சட்ட யோசனைக்கு என் பதில், வேண்டாம் என்பது. இந்தியாவை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், 2019-21 ஆய்விலேயே ஒரு பெண்ணுக்கு 2.0 என்று வந்துவிட்டது, பீகாரில் 3.0, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8. இன்னும் எண்ணிக்கை கூடுவது, முன்பு பிறந்த பெரிய தலைமுறை இப்போது பிள்ளைபெறும் வயதில் இருப்பதால். அவர்கள் ஆளுக்கு இரண்டு பெற்றாலும் சில காலம் கூடத்தான் செய்யும். தண்டனை அந்த வேகத்தைத் தொடாது. மூன்றாவது பிள்ளை இன்று பெரும்பாலும் தாய் படிக்காத, முதல் இரண்டும் பெண்ணாகப் பிறந்த, அல்லது பக்கத்தில் நல்ல சுகாதார நிலையம் இல்லாத வீட்டில் பிறக்கிறது. அந்த வீட்டின் சலுகையை வெட்டினால் யார் சாப்பாட்டில் குறையும் என்று பாருங்கள். அந்தப் பணத்தை அந்த வீட்டு மூத்த பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் வைத்திருக்கவும், மாத்திரை, ஊசி, காப்பர் டி, வாசெக்டமி எல்லாவற்றையும் தம்பதி இருவரிடமும் விளக்கிச் சொல்ல ஒரு செவிலியரை நியமிக்கவும் செலவழித்தால் உங்களுக்கு வேண்டியதும் நடக்கும். வேறு ஏதாவது நாட்டை நினைத்துக் கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். பிறப்பு வரிசைப்படி அந்நாட்டின் பாலின விகிதத்தை எப்படிப் படிப்பது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.